அந்துப்பூச்சி நிறத்தை மாற்றிக்கொண்டதா?

ஜூன் 3, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

ஆலைப்புகையால் மரங்கள் கறுத்தபோது தானும் கறுத்ததாகப் பாடத்தில் வரும் மான்செஸ்டர் அந்துப்பூச்சியைப் பற்றி எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். செத்த பூச்சிகளை மரத்தில் ஒட்டிவைத்துப் படம் எடுத்தார்கள் என்பது எப்போதோ வெளியே வந்துவிட்டது. கதையே பொய் என்றால் இன்னும் அதை ஏன் பாடத்தில் வைத்திருக்கிறார்கள்? அது போகட்டும், இயற்கைத் தேர்வு என்பதே வட்டவாதம் அல்லவா? எது பிழைக்கும் என்று கேட்டால் தக்கது பிழைக்கும் என்கிறார்கள். எது தக்கது என்று கேட்டால் பிழைத்ததுதான் தக்கது என்கிறார்கள்.

ஜூன் 3, இரவு

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்தி வருகிறேன். இந்தப் பூச்சியை ஆண்டுக்கு ஒரு முறையாவது கரும்பலகையில் வரைகிறேன். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

படங்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. பாடப்புத்தகங்களில் நாம் பார்த்த படங்களில் பல, வெளிறிய பூச்சி ஒன்றையும் கறுத்த பூச்சி ஒன்றையும் ஒரே மரப்பட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுக்கப்பட்டவை. காட்டில் அப்படி இரண்டும் ஜோடியாக வந்து உட்கார்ந்து காட்சி தருவதில்லை. ஆனால் அந்தப் படங்கள் நிற வேறுபாட்டைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்ட விளக்கப்படங்களே. ஆய்வின் முடிவு எதுவும் அவற்றைக் கொண்டு எழுதப்படவில்லை. திருமண அழைப்பிதழில் அச்சிட்ட பிள்ளையார் படம் ஓவியரின் கற்பனை என்பதற்காகத் திருமணமே நடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

நடந்தது என்னவென்றால், வெள்ளைச் சிறகில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் கொண்ட இந்தப் பூச்சி இரவில் பறந்து, பகலில் மரத்தின் அடிப்பகுதியில் அசையாமல் அமர்ந்திருக்கும். பாசிபோல் ஒட்டி வளரும் லைக்கன் படர்ந்த வெளிர்ப் பட்டையில் அதைக் கண்டுபிடிப்பது கடினம். தொழிற்புரட்சிக் காலத்து நிலக்கரிப் புகை லைக்கன்களை அழித்தது. கரி பட்டைகளைக் கறுப்பாக்கியது. 1848 இல் மான்செஸ்டரில் முழுக்கக் கறுத்த பூச்சி ஒன்று பிடிபட்டது. 1895 இல் அதே வட்டாரத்துப் பூச்சிகளில் 98 விழுக்காடு கறுப்பு. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் என்பதால், ஐம்பது தலைமுறைகளுக்குள் ஓர் இனக்கூட்டத்தின் நிறமே தலைகீழாகிவிட்டது. பறவைகளே காரணமாக இருக்கலாம் என்று 1896 இல் டட் என்ற பூச்சியியலாளர் எழுதினார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 4

வட்டவாதம் பற்றிய கேள்விக்கு நேற்று பதில் சொல்லவில்லை. அதற்குத்தான் கெட்டில்வெல் வேண்டும்.

பூச்சி ஆய்வாளர் பெர்னார்டு கெட்டில்வெல் 1953 இல் பர்மிங்காம் அருகே கரி படிந்த காடு ஒன்றில் பூச்சிகளை விடுவித்தார். பறவையின் கண்ணில் படாதபடி இறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வண்ணம் வைத்து அடையாளமிட்டு, அடுத்தடுத்த இரவுகளில் விளக்குப் பொறியிலும் பெண் பூச்சிகளை வைத்த பொறியிலும் அவற்றைத் திரும்பப் பிடித்தார். விட்ட 447 கறுப்பில் 123 திரும்பின, அதாவது 27.5 விழுக்காடு. விட்ட 137 வெளிறியவற்றில் 18 மட்டும், அதாவது 13.1 விழுக்காடு. கறுத்த பூச்சிகள் பொதுவாகவே உடல் வலுவுள்ளவை, அல்லது விளக்கை அதிகம் நாடுபவை என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அந்த மறுப்பைத் தீர்க்க 1955 இல் தென் இங்கிலாந்தில் புகை படாத டார்செட் காட்டுக்குப் போனார். அங்கே விட்ட 496 வெளிறியவற்றில் 62 (12.5 விழுக்காடு), 473 கறுப்பில் 30 (6.3 விழுக்காடு). கணக்கு அப்படியே கவிழ்ந்தது. பறவைகள் பூச்சிகளைக் கொத்துவதை விலங்கியலாளர் நிக்கோ டின்பெர்கன் படமும் பிடித்தார்.

இப்போது வட்டவாதத்துக்கு வருவோம். இங்கே எது தக்கது என்பதைப் பிழைத்ததைப் பார்த்துவிட்டு முடிவு செய்யவில்லை. பட்டையின் நிறத்தையும் சிறகின் நிறத்தையும் ஒப்பிட்டு, பூச்சியை விடுவதற்கு முன்பே சொல்லிவிட முடிந்தது. டார்செட்டில் கறுப்பு அதிகமாகத் திரும்பியிருந்தால் கெட்டில்வெல்லின் விளக்கம் அங்கேயே விழுந்திருக்கும். விழக்கூடிய ஒன்றை வட்டவாதம் என்று சொல்ல முடியாது.

ஜூன் 4, சற்றுப் பின்

'தேர்வு' என்ற சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் பிள்ளைகளுக்குத் தேர்வு என்றால் பொதுத்தேர்வுதான். இயற்கை ஒரு கண்காணிப்பாளர்போல் சுற்றிவந்து தேறியவர்களை அனுப்பி வைக்கிறது என்று எழுதிய விடைத்தாளைத் திருத்தியிருக்கிறேன். டார்வின் 1855 முதல் புறா வளர்த்தவர். வளர்ப்பவர்கள் பொறுக்கி எடுத்து இணைசேர்ப்பதைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லை எடுத்தார். புறா வளர்ப்பவருக்குக் கையும் நோக்கமும் உண்டு. குருவிக்குப் பசி மட்டுமே உண்டு.

ஜூன் 6

இந்த இழையை எழுதத் தொடங்கியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நான் கரும்பலகையில் எழுதிய வாக்கியம் இது: 'சூழல் கறுத்ததால் அந்துப்பூச்சி தன் நிறத்தைக் கறுப்பாக மாற்றிக்கொண்டு சூழலுக்கு ஏற்பத் தகவமைத்துக்கொண்டது.' மாணவர்கள் அதை அப்படியே எழுதினார்கள், மதிப்பெண்ணும் கிடைத்தது. ஓர் ஆண்டு, மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "எப்படி டீச்சர் மாத்திக்கிச்சு? பெயின்ட் அடிச்சுக்கிச்சா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில்தான் புரிந்தது, அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எந்தப் பூச்சியும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. வெளிறிய பூச்சி வெளிறியதாகவே பிறந்து, வெளிறியதாகவே குருவிக்கு இரையானது. கறுத்தது கறுப்பாகவே பிறந்து கறுப்பாகவே முட்டையிட்டது. மாறியது எந்தப் பூச்சியின் உடலும் அன்று. கூட்டத்தில் இன்னின்ன நிறம் இத்தனை என்னும் விகிதம்தான் மாறியது. நான் நடத்தியது டார்வின் பெயரை வைத்து, உயிரி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றமே பிள்ளைக்குப் போகும் என்ற லாமார்க்கின் பாடம்.

'கொள்' என்னும் துணைவினைக்கு இதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். உடுத்திக்கொண்டான், பூசிக்கொண்டாள், பார்த்துக்கொண்டான் என்று சொல்லும்போது, செய்தவரே தமக்காக வேண்டிச் செய்தார் என்ற பொருள் தானாக வந்து சேர்கிறது. 'தகவமைத்துக்கொண்டது' என்றதும் பூச்சிக்கு ஓர் எண்ணமும் அந்த எண்ணத்தை நிறைவேற்றும் கையும் முளைத்துவிடுகின்றன.

ஜூன் 7

நேற்றைய குறிப்புக்கு ஒரு மறுப்பு வந்திருக்கிறது: தன் பாடத்தைச் சரியாகப் படிக்காத ஆசிரியை, பழியைத் துணைவினையின் தலையில் போடுகிறாராம். நியாயமான அடிதான். துணைவினை என்னை எழுதச் சொல்லவில்லை.

ஆனால் தமிழ் கைகொடுக்கும் இடமும் ஒன்று இருக்கிறது. 'தக்கன பிழைத்தல்' என்ற தொடரைப் பாருங்கள். 'தக்கன' என்பது பலவின்பால். ஒரு பூச்சியைச் சொல்லவில்லை, பலவற்றைச் சொல்கிறது. மேலும், தக்கது என்று சொன்ன உடனே 'எதற்குத் தக்கது?' என்ற கேள்வி கூடவே வரும். வலியது என்று சொன்னால் அந்தக் கேள்வி வராது. மேடைகளில் 'வலியவன் வாழ்வான் என்றார் டார்வின்' என்று முழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பூச்சி ஞாபகம் வரும். கறுத்த பூச்சிக்கு வெளிறியதைவிட ஒரு துளி வலிமையும் அதிகம் இல்லை. இன்னொன்று: அந்தத் தொடர் முதலில் டார்வினுடையதும் அன்று. 1864 இல் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதியது; 'தேர்வு' என்ற சொல் தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இருப்பதாக மயக்கம் தருகிறது என்று, இயற்கைத் தேர்வைத் தாமும் தனியே கண்டறிந்த வாலஸ் 1866 இல் டார்வினுக்கு எழுதி, ஸ்பென்சரின் தொடரைப் பரிந்துரைத்தார்; டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் 1869 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதைச் சேர்த்தார். நான் ஜூன் 4 அன்று கண்காணிப்பாளரைப் பற்றி எழுதிய வருத்தம் வாலஸுக்கு அப்போதே இருந்திருக்கிறது.

ஜூன் 9

திருத்தம். முதல் குறிப்பில் 'மரத்தின் அடிப்பகுதியில் அமர்ந்திருக்கும்' என்று எழுதினேன். அது பாடப்புத்தகப் பழக்கம். கெட்டில்வெல்லின் ஆய்வின் மீது பின்னர் எழுந்த உண்மையான குறையே இதுதான்: பகல் நேரத்தில், அடிமரத்தில், இயல்பைவிட நெருக்கமாகப் பூச்சிகளை விட்டார். வளர்த்தவற்றையும் காட்டில் பிடித்தவற்றையும் கலந்தார். இவற்றை முதலில் சுட்டிக்காட்டியவர்கள் உயிரியலாளர்களே. அந்தச் சண்டை வெளியே கசிந்தபோதுதான், நம் கேள்வியாளரின் காதுக்கு 'மோசடி' என்ற பெயரில் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

குறை சொன்னவர்களில் ஒருவரான கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ், ஆய்வைத் தாமே மறுபடி செய்தார். 2001 முதல் ஆறு ஆண்டுகள், தம் தோட்டத்தில், இயற்கையான அடர்த்தியில், இரவில் பூச்சிகளை விட்டு, அவை தாமாகவே இடம் தேடி அமரும்படி செய்து, விடியலில் எது காணாமற்போகிறது என்று பார்த்தார். மொத்தம் 4,864 பூச்சிகள். மரம் ஏறித் தேடிப் பார்த்ததில், ஏறக்குறையப் பாதி கிளைகளில் இருந்தன. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடிமரத்திலும் இருந்தன. அதற்குள் இங்கிலாந்தின் காற்று தூய்மையாகி, பட்டைகள் வெளிறிவிட்டன. எதிர்பார்த்தபடியே, நாளொன்றுக்குக் கறுத்தவற்றின் பிழைப்பு வெளிறியவற்றைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. மஜெரஸ் 2009 இல் இறந்துவிட்டார். அவருடைய தரவுகளை உடன் ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்டார்கள்.

ஜூன் 10

வகுப்பில் இதை எப்படிக் காட்டுவது என்று ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். பெயின்ட் கேள்விக்குப் பிறகு நான் செய்துவருவது இது.

கிழிந்த குடையின் துணியைக் கழற்றி மேசைமேல் விரிக்கிறேன். தொண்ணூறு தோல் நீக்கிய முழு உளுந்து, பத்துத் தோலுள்ள கறுப்பு உளுந்து. மாணவர்கள்தான் குருவிகள். வரிசையாக வந்து ஒவ்வொருவரும் கண்ணில் முதலில் படுவதை ஒன்று எடுத்துக்கொண்டு போக வேண்டும்; தேடக்கூடாது, தடவக்கூடாது. ஐம்பது போனதும் நிறுத்திவிட்டு, மீந்த ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு குட்டி சேர்த்தால் மறுபடி நூறு. எங்கள் வகுப்பில் ஒரு முறை முதல் சுற்று முடிந்ததும் பத்துக் கறுப்பு பதினான்கு ஆனது. ஐந்தாவது சுற்றுக்குப் பின் நாற்பதைத் தாண்டியது. குடைத்துணியின் மடிப்பில் ஒதுங்கிய வெள்ளை உளுந்து சில, நிறத்தால் அல்லாமல் மடிப்பினால் பிழைத்தன. அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன், காட்டிலும் அப்படித்தானே.

எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இதில் எந்த உளுந்தாவது நிறம் மாறியதா?

ஜூன் 10, இரவு

விட்டுப்போனது ஒன்று. முதன்முதலில் இதைச் செய்தபோது, 1848 ஐ அப்படியே காட்டும் ஆசையில் தொண்ணூற்றொன்பது வெள்ளைக்கு ஒரே ஒரு கறுப்பு வைத்தேன். வரிசையில் இரண்டாவதாக வந்த பையன் அதையே எடுத்துவிட்டான். "பரிணாமம் முடிஞ்சுது டீச்சர்" என்றான். எனக்கு அன்று எரிச்சலாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவன் ஒரு நல்ல முடிவை நிரூபித்திருக்கிறான். நன்மை தரும் திடீர் மாற்றம் தோன்றிவிட்டாலே அது வென்றுவிடும் என்பதில்லை. சிறிய நன்மையாக இருந்தால், அது நிலைபெறும் வாய்ப்பு அந்த நன்மையின் இரு மடங்கு அளவுதான் என்று 1927 இல் மரபியலாளர் ஹால்டேன் கணக்கிட்டார். ஒரு விழுக்காடு நன்மை என்றால் நிலைபெற இரண்டு விழுக்காடு வாய்ப்பு; ஐம்பதில் நாற்பத்தொன்பது முறை அந்தப் பையன் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

ஜூன் 13

சோதனை முடிந்த உளுந்தை வீணாக்குவதில்லை. கலந்தபடியே ஊறவைத்து அரைத்துவிடுவேன். மாவு சாம்பல் நிறத்தில் வரும். இட்லி கொஞ்சம் அழுக்காகத் தெரியும், சுவையில் குறையில்லை.

அந்த மாவுதான் டார்வினின் பெரிய தலைவலி. பெற்றோரின் பண்புகள் பிள்ளையில் மாவுபோல் கலந்துவிடும் என்பது அக்காலத்து நம்பிக்கை. பிரிட்டிஷ் பொறியியலாளர் பிளீமிங் ஜென்கின் 1867 இல் கேட்டார்: அப்படியென்றால் அபூர்வமாகத் தோன்றிய நல்ல பண்பு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகி, கரைந்து காணாமற்போகாதா? தேர்ந்தெடுக்க எது மிஞ்சும்? டார்வின் அதை மிகவும் பொருட்படுத்தினார். பதில் ஓராண்டுக்கு முன்பே அச்சாகியிருந்தது: மெண்டலின் பட்டாணி ஆய்வு, 1866. காரணிகள் அரைபடுவதில்லை, முழு உளுந்தாகவே கைமாறுகின்றன. 1900 வரை உலகம் அதைக் கவனிக்கவில்லை.

நம் பூச்சியின் கறுப்பு ஓர் ஓங்கு அல்லீல், அதாவது மரபணுவின் ஒரு வடிவம். ஒன்று இருந்தாலே சிறகு கறுக்கும். பாதிக் கறுப்பாகக் கரைவதில்லை. ஹால்டேன் 1924 இல் இந்தப் பூச்சியை எடுத்துக்கொண்டு, அரை நூற்றாண்டில் இவ்வளவு பெரிய மாற்றம் வர வேண்டுமானால், கறுத்தவை வெளிறியவற்றைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். இயற்கைத் தேர்வு அவ்வளவு வன்மையாக வேலை செய்யும் என்று அன்று பலரும் நம்பத் தயாராக இல்லை. காட்டில் பூச்சிகளை எண்ணிப் பார்க்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஹால்டேன் 1957 இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்துவிட்டார். 1964 இல் புவனேஸ்வரில் இறந்தார்.

ஜூன் 14

அந்த அல்லீல் என்ன என்பதும் இப்போது தெரியும். மரபணுத் தொடரில் இடம்விட்டு இடம் தாவும் துண்டு ஒன்று, ஏறத்தாழ 22,000 கார இணைகள் (டி.என்.ஏ. எழுத்துகள்) நீளமுள்ளது, 'கார்டெக்ஸ்' மரபணுவுக்குள் வந்து செருகிக்கொண்டிருக்கிறது. 2016 இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது நிகழ்ந்தது 1819 ஐ ஒட்டி இருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்கள். பிடிபடுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்பே கறுப்புப் பூச்சி எங்கோ பறந்துகொண்டிருந்திருக்கிறது. புகை அதை உண்டாக்கவில்லை.

(பிற்சேர்க்கை: நிறத்தை ஆள்வது கார்டெக்ஸ் புரதம் அன்று, அந்த இடத்திலேயே இருக்கும், புரதமாகாத ஆர்.என்.ஏ. என்பதை வண்ணத்துப்பூச்சிகளை வைத்து 2024 இல் வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. செருகல் நடந்த இடம் மாறவில்லை. அந்த இடத்தில் நிறத்துக்குக் குற்றவாளி யார் என்பதில்தான் மாற்றம்.)

ஜூன் 17

ஜூன் 6 குறிப்பில் 'எந்தப் பூச்சியும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை' என்று அடித்துச் சொன்னேன். பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

இதே இனத்தின் புழு, மரச்சுள்ளிபோல் விறைத்து நிற்கும். எந்த மரத்தில் வளர்கிறதோ அந்தச் சுள்ளியின் நிறத்துக்கு, சில வாரங்களில், தன் உடல் நிறத்தை உண்மையாகவே மாற்றிக்கொள்ளும். மாற்றிக்கொள்ளும் என்றே எழுதுகிறேன், இங்கே 'கொள்' பொருந்தும். அதைவிட வியப்பு, 2019 இல் வெளியான ஓர் ஆய்வில் புழுக்களின் கண்களைக் கறுப்பு வண்ணத்தால் மூடினார்கள். அப்போதும் அவை சுள்ளியின் நிறத்துக்கு மாறின. தோலே நிறத்தை உணர்கிறது. கடைசியில் பெயின்ட் அடித்ததும் உண்மையாகிவிட்டது, அடித்தது ஆய்வாளர்கள் என்பதுதான் வேறுபாடு.

ஆக, ஒரே உயிரியின் வாழ்க்கையில் புழுவுக்கு ஒரு வழி, சிறகு முளைத்தபின் வேறு வழி. புழுவின் நிற மாற்றம் அதன் பிள்ளைக்குப் போகாது. மாறும் திறன்தான் போகும். அந்தத் திறனும் ஒரு காலத்தில், மாறத் தெரியாத புழுக்கள் பறவைக்குப் போனதால் நிலைத்ததாகவே இருக்க வேண்டும். என் பழைய வாக்கியத்தில் 'அந்துப்பூச்சி' என்பதை அடித்துவிட்டுப் 'புழு' என்று போட்டால் முக்கால்வாசி சரியாகிவிடும் என்பது சற்று வேடிக்கைதான்.

ஜூன் 20

இழையைத் தொடங்கியவர் மீண்டும் வந்திருக்கிறார்: "இத்தனைக்குப் பிறகும் அது அந்துப்பூச்சியாகத்தானே இருக்கிறது?" ஆம். இது புதிய இனம் தோன்றியதற்குச் சான்று அன்று, அப்படி நடத்தினால் அதுவும் தவறு. இயற்கைத் தேர்வு என்னும் பொறி ஓடுகிறதா, எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது, பின்னோக்கியும் ஓடுமா என்பதற்கான சான்று. 1956 இல் இங்கிலாந்தில் தூய காற்றுச் சட்டம் வந்தது. லிவர்பூல் அருகே கால்டி என்னும் இடத்தில் 1959 முதல் ஆண்டுதோறும் எண்ணிவந்தார்கள். தொடக்கத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் இருந்த கறுப்பு, 1990களின் நடுவில் இருபதுக்கும் கீழே வந்துவிட்டது. எல்லா ஊர்க் கணக்கும் இப்படி ஒழுங்காக வராது. ஆலைகள் குறைந்த கிழக்கு இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் கறுப்பு அதிகமாக இருந்தது; நிறமும் பறவையும் மட்டும் வைத்து அதை விளக்க முடியாது, பூச்சிகள் இடம்பெயர்வதையும் சேர்க்க வேண்டும்.

இயற்கைத் தேர்வின் வேலையை நாம் கண்ணால் பார்க்க முடியாது, கால இடைவெளிதான் காட்டும் என்று டார்வின் எண்ணியிருந்தார். அவர் 1882 இல் இறக்கும்போது மான்செஸ்டரில் அது நடந்துகொண்டிருந்தது. 1878 இல் ஆல்பர்ட் பார்ன் என்ற பூச்சி சேகரிப்பாளர், வேறோர் அந்துப்பூச்சியில் இதேபோன்ற மாற்றம் நடப்பதாக அவருக்குக் கடிதமே எழுதினார். டார்வின் அதைப் பற்றி எதுவும் வெளியிடவில்லை.

ஜூன் 24

இன்று இந்த ஆண்டின் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம். கரும்பலகையில் எழுதினேன்: 'கரி படிந்த காடுகளில் கறுத்த பூச்சிகளின் பங்கு தலைமுறைதோறும் கூடியது.' ஒருவன் கை தூக்கினான்.

"அப்ப வெள்ளைப் பூச்சியெல்லாம் எங்க போச்சு டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது: "குருவி வயித்துக்குள்ளடா."